புதன்கிழமை ஒரு மணி நேரம்

எனக்குப் பிறகு வேலைக்கு வந்திருக்கிற பிள்ளை போன வாரம் வீடு தேடி வந்தது. ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டில் ஏறி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முழங்கால்வரை சேறு. துண்டைக் கொடுத்து உட்காரவைத்து, இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணியும் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டது: தோட்டத்துப் பெண்களுக்கு ஏன் டீச்சர் விளையாட்டில் ஆர்வமே இல்லை, எவ்வளவு கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறார்களே, சோம்பல்தானே என்று. எனக்குச் சுரீரென்று வந்தது. ஆனால் இப்போதெல்லாம் கோபம் வருகிற வேகத்திலேயே மூச்சும் வாங்குகிறது. வாயால் சொன்னால் திட்டிவிடுவேன், எழுதித் தருகிறேன் போ என்று அனுப்பிவிட்டேன். நல்ல பிள்ளைதான். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைத்தானே அதுவும் சொல்கிறது.

எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நான் ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பேக்டரி டீமேக்கருக்கு மகளாகப் பிறந்தவள். கூலிச் சனம் குடியிருக்கிற லயத்தில் பிறக்கவில்லை, லயத்தைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவள், அவ்வளவுதான். வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு, சுதந்திரம் கிடைத்த சமயம், தோட்டத்து மக்களின் நலனைக் கவனிக்கிற ஒரு சங்கத்தில் வேலை கிடைத்தது. கண்டியில் சில மாதம் பயிற்சி. காயத்துக்குக் கட்டுப்போடவும், பிள்ளைகளை வட்டமாக நிறுத்திப் பாட்டுப் பாடவும், முட்டையிலும் பாலிலும் என்ன சத்து இருக்கிறதென்று சொல்லவும் பழக்கினார்கள். முட்டையும் பாலும் வாங்க முடியாதவளிடம் அதற்குமேல் என்ன சொல்வது என்று யாரும் பழக்கவில்லை. ஊருக்கு ஊர் போய் விளையாட்டுச் சங்கம் அமைப்பது, குடும்பமாகக் கூடி ஓடியாட வைப்பது, ஆரோக்கியமாக வாழச் சொல்வது, இதுதான் உத்தியோகம். லயத்துச் சனம் எனக்கு வைத்த பேர் வெளாட்டு டீச்சர். மலை ஏறி இறங்கி என் முழங்கால் இரண்டும் தேய்ந்ததுதான் நான் கண்ட ஆரோக்கியம்.

ஆண்களை விளையாட வைக்க யாரும் தேவையில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவனுக்கும் மண்ணில் முள்ளுக் குத்துகிறவனுக்கும் அன்றைய பங்கு முடிந்தால் மத்தியானத்தோடு வேலை சரி. மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் குளித்துவிட்டு வந்தால் இருட்டுகிறவரை வாலிபால்தான். பிள்ளைகளுக்கும் நான் வேண்டியதில்லை, ஒரு டின் மூடி போதும். பெண்கள்தான் என் வேலை. அவர்கள் ஐந்து மணிக்குக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு இறங்குகிறபோதே பொழுது சாய ஆரம்பித்துவிடும். அதற்குமேல் தண்ணீர், விறகு, வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுவைக்கிற பிள்ளைக் காம்பராவிலிருந்து கைக்குழந்தையைத் தூக்கிவருவது, ரொட்டி, கறி. இதில் எங்கே போய் ஓடியாடச் சொல்வது?

என் மேலதிகாரிக்கு இந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. கனகசபை ஐயா. யாழ்ப்பாணத்து மனுஷர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டராக இருந்து எங்கள் சங்கத்துக்கு வந்தவர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் நாடாவோடு ஒரு விசில். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அவர் முறை ஒன்றுதான். முதலில் ஆபீஸ் வாசலில் நின்று துரையிடம் அனுமதி. பிறகு வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவைப் பார்த்து வணக்கம் சொல்லி, எந்தக் களம் என்று கேட்பது. களத்தைத் தானே காலால் அளந்து, கொண்டுவந்த சுண்ணாம்பால் கோடு போடுவது. கோடு கோணினால் அழித்துவிட்டு மறுபடி போடுவார், மழை தூறினாலும் போடுவார். அட்டை கடித்துச் சப்பாத்தில் இரத்தம் வழிந்தாலும் குனிந்து பார்க்கமாட்டார், வேலை முடியட்டும் என்பார். லயத்தில் கொடுக்கிற தேத்தண்ணியை மட்டும் ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை, சீனி இல்லாமல் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பார். அதனாலேயே அவர் திட்டினாலும் எனக்கு மனசில் ஒட்டாது. "பிள்ளை, ஒழுங்கில்லாட்டில் விளையாட்டில்லை" என்பார். ஒழுங்கு என்றால் அவருக்கு விசில்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டம். பேர் வேண்டாம், அங்கே இன்னும் சனம் இருக்கிறது. அதன் மேல் டிவிசனில் பெண்களுக்கு விளையாட்டு ஆரம்பிக்கிற முதல் நாள். கண்டாக்கையா எங்களுக்குக் கொடுத்த இடம் பெரட்டுக்களம். தோட்டத்தில் தட்டையான நிலம் வேறெங்கே இருக்கிறது? ஐயா கோடு போட்டு, வலைப்பந்துக் கம்பம் இரண்டையும் நட்டு, மணிக்கூட்டைப் பார்த்து விசிலை மூன்று தரம் ஊதினார்.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். வந்து நின்ற விதத்தைப் பார்க்கவேண்டுமே. கங்காணி வாரியாக வரிசை. வெறுங்கூடை காலடியில். மழைக்கும் குளிருக்கும் போடுகிற கொங்காணி தலையில். ஒரு பேச்சு மூச்சு இல்லை. விடியற்காலையில் அதே களத்தில்தான் அவர்களைப் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவது, பிந்தி வந்தவளை வீட்டுக்கு விரட்டுவதும் அங்கேதான். விசில் சத்தம் கேட்டதும் கால் தானாகப் போய் அந்தந்த இடத்தில் நின்றுவிட்டது. ஐயாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. என்ன ஒழுங்கு பார்த்தீரோ பிள்ளை, யாழ்ப்பாணத்தில் படித்த பெட்டையள் இப்படி நிற்காதுகள் என்றார்.

முன் வரிசையில் நின்ற ஒருத்தி, முப்பது வயசு இருக்கும், மெலிந்த உடம்பு, நெற்றியில் கூடைக் கயிறு அழுத்தின தழும்பு, மெதுவாகக் கேட்டாள்: "இதுக்குப் பேர் உண்டுங்களா? முழுப் பேருங்களா, அரப் பேருங்களா?" ஐயா என்னைப் பார்த்தார். பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு ஐயா, கூலி உண்டா என்று கேட்கிறாள் என்றேன். விளையாட்டுக்கு ஏது பேர், இது உங்கள் சந்தோஷத்துக்கு என்று அவர் சொன்னார். அப்படியென்றால் கட்டாயமா என்றாள். கட்டாயமில்லை, விரும்பினால் மட்டும் என்றார். அவ்வளவுதான். கூடையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கும்பிட்டுவிட்டு நகர ஆரம்பித்தார்கள். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. கொஞ்ச நேரத்தில் கம்பமும் கோடும் நாங்கள் இரண்டு பேரும்தான் மிச்சம். கேள்வி கேட்டவள் மட்டும் போகாமல் நின்றாள்.

"கட்டாயமில்லாத ஒன்னுக்கு எப்பிடிங்க டீச்சர் வர்றது? வீட்டுல என்னான்னு சொல்லிட்டு வர்றது?" என்றாள்.

ராக்கம்மா என்று பேர். அவள் வீட்டுக்குப் பின்னாலேயே போனேன். மூன்று பிள்ளை, புருஷன் முத்துசாமி கவ்வாத்து ஆள். அவள் பீலிக்குப் போனாள், வந்தாள், அடுப்பை ஊதினாள், மாவைப் பிசைந்தாள், நடுவிலேயே எனக்கும் பதில் சொன்னாள். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து கண் முழித்திருக்கிற நேரத்தில் அவளுக்கென்று ஒரு நேரம் இருந்ததே இல்லையாம். காய்ச்சலில் படுத்தால்கூட எப்போது எழும்புவாய் என்றுதான் கேட்பார்களாம். அழுதுகொண்டு சொல்லவில்லை, மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். வாரத்தில் ஒரு மணி நேரம் உனக்குக் கிடைத்தால் வருவாயா என்று கேட்டேன். மாவுக் கையோடு நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கெடச்சா ஏன் வரமாட்டேன்? யாரு தருவா?" என்றாள்.

யார் தருவார்கள் என்பது எனக்குத் தெரியும். நேரே வாலிபால் நடக்கிற இடத்துக்குப் போனேன். முத்துசாமிதான் அங்கே கேப்டன், ஆள் ஓங்கி அடித்தால் பந்து தேயிலைக்குள் போய்த்தான் விழும். வாரத்தில் ஒருநாள், புதன்கிழமை, நீங்கள் தண்ணீர் எடுத்து, பிள்ளையைக் கூட்டிவந்து, உலை வைக்கவேண்டும் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். முத்துசாமியும் சிரித்தான். "டீச்சர், குடத்தத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு நான் பீலிக்குப் போனா, நாளைக்கு எனக்குச் சேலையும் வாங்கிக் குடுப்பானுங்க." அவன் சொன்னதும் பொய்யில்லை, தோட்டத்துக் கேலி அப்படிப்பட்டது.

நானும் சளைக்கவில்லை. வந்த நாளெல்லாம் போய் நெட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டேன். எழும்பச் சொன்னால் முழங்கால் வலிக்கிறது தம்பி என்பேன். பொம்பளையைத் தூக்கியா வெளியே போடுவார்கள்? அவர்கள் ஆட்டம் கெட்டதுதான் மிச்சம். கடைசியில் முத்துசாமிக்கே ஒரு வழி தோன்றியது. மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆட்கள் மண்ணெண்ணெய்த் தகரம் இரண்டைக் கம்பில் மாட்டித் தோளில் காவி வருவார்களே, அது ஆம்பிளை வேலை, அதை யாரும் கேலி பண்ணமாட்டான். குடமென்றால் வெட்கம், தகரமென்றால் வெட்கமில்லை. அதே பீலி, அதே தண்ணீர். எப்படியாவது நடந்தால் சரி.

இடத்தையும் மாற்றினேன். பெரட்டுக்களம் வேண்டாம், பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் பழைய நாற்று மேடை இருந்தது, புல் முளைத்துக் கிடந்தது. விசிலும் வேண்டாம் ஐயா என்றேன். அவருக்கு முகம் தொங்கிவிட்டது. இரண்டு புதன் அவர் வரவேயில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று.

முதல் புதன் ராக்கம்மாவோடு ஐந்தாறு பேர் வந்தார்கள். ஹட்டனில் காசிம் நானா கடையில் வாங்கின ரப்பர் பந்து. எப்படிப் பிடிப்பது, எப்படிக் கொடுப்பது என்று காட்டினேன். ராக்கம்மாவின் கையில் கொடுத்து, எனக்குப் போடு என்றேன். அவள் என்னைப் பார்த்தபடியே பந்தைத் தோளுக்கு மேலே பின்னால் எறிந்தாள். திரும்பவும் கொடுத்தேன், திரும்பவும் பின்னால்தான். அடுத்தவளும் அப்படியே. கொழுந்து பறிக்கிறவள் கை நிறைந்ததும் திரும்பிப் பாராமல் தோளுக்கு மேலே கூடைக்குள் போடுவாள், நாள் முழுக்க அதே வீச்சு. கைக்கு வேறு பழக்கம் இல்லை. அவர்களுக்கே சிரிப்பு தாங்கவில்லை. ஒருத்தி போய் ஒரு கூடையை எடுத்து நெற்றியில் மாட்டிக்கொண்டு ராக்கம்மாவுக்குப் பின்னால் முதுகைக் காட்டி நின்றாள், போடுடி பார்ப்போம் என்று. ராக்கம்மா திரும்பாமல் போட்டாள். பந்து கூடைக்குள் விழுந்தது.

அதுதான் எங்கள் ஆட்டமாகிப் போனது. கட்சிக்கு ஒருத்தி முதுகில் கூடையோடு ஓடுவாள், அவளுடைய ஆட்கள் பந்தை அவள் கூடைக்குள் போடவேண்டும், மற்றக் கட்சி தடுக்கவேண்டும். கூடைக்காரி ஒரு இடத்தில் நிற்கக்கூடாது. ராக்கம்மா கூடையோடு ஓடுவதைப் பார்க்கவேண்டும். நாள் முழுக்க இருபத்தைந்து றாத்தல் சுமந்த அதே முதுகு, அதே கயிறு, ஆனால் கூடைக்குள் ஒரு பந்து மட்டும் தட்தட்டென்று குதிக்கும். குனிவாள், சுழலுவாள், பிடி கொடுக்கமாட்டாள். வெற்றிலைச் சிரிப்பு வாய்விட்டு வரும். எனக்குக் கண் கலங்கிவிடும், சும்மா சொல்லவில்லை. இத்தனை வருஷ வேலையில் நான் முழு மனசோடு சந்தோஷப்பட்டது அந்த நாற்று மேடையில்தான்.

கனகசபை ஐயா மூன்றாவது புதன் வந்து, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். இதுக்கு விதியென்ன என்று கேட்டார். இன்னும் போடவில்லை ஐயா என்றேன். இந்த விளையாட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்று முணுமுணுத்தார். பந்து அவர் காலடியில் உருண்டு வந்தது. எடுத்தார், யோசித்தார், திரும்பி நின்று தோளுக்கு மேலே எறிந்தார். அது காம்பரா கூரைக்கு மேலே போய் விழுந்தது. பெண்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றையிலிருந்து ஒரு புதனும் தவறவிடமாட்டார்.

அந்த ஒரு மணி நேரத்தால் லயமே கொஞ்சம் மாறியது. முத்துசாமியின் தகரத்தைப் பார்த்து இன்னும் நாலு பேர் தகரம் தேடினார்கள். புதன் சாயங்காலம் பீலியில் ஆம்பிளைகள் வரிசை. ஒருவன் ரொட்டியைக் கருக்குவான், இன்னொருவன் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடத் தெரியாமல் தவிப்பான். குடும்பமாக ஆரோக்கியம் என்று நாங்கள் பேசுகிற பேச்சுக்கு அர்த்தம் இதுதானோ என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஐயா பூரித்துப்போனார். ஊரறியக் காட்டவேண்டும் பிள்ளை, துரையையும் கூப்பிடுவோம் என்றார். அவர் நினைத்ததில் கெடுதல் இல்லை. துரை சந்தோஷப்பட்டால் நாற்று மேடையைச் சமப்படுத்தித் தருவார், மற்ற டிவிசன்களுக்கும் இடம் கேட்கலாம் என்பது அவர் கணக்கு.

துரை வந்தார். வயசு அதிகமில்லாத வெள்ளைக்காரர், நாய் ஒன்று கூட. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. ஆட்டத்தைக் கண் எடுக்காமல் பார்த்தார். அன்று ராக்கம்மா கட்சிக்கும் கீழ் லயத்துக் கட்சிக்கும் போட்டி, யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, சேலையை ஏற்றிச் சொருகிக்கொண்டு ஆடினார்கள். துரை கை தட்டினார். "ரொம்ப சோக்கு" என்று தமிழிலேயே சொன்னார். பிறகு கண்டாக்கையாவைக் கூப்பிட்டு, இவர்கள் இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து எடுத்தார்கள் என்று கேட்டார். ஏழாம் நம்பர் மலை, நல்ல செங்குத்து என்றார் அவர். துரை தலையாட்டிக்கொண்டார். அந்த மலை ஏறிவிட்டு வந்தும் இப்படி ஆடுகிறார்களே என்று மெச்சுகிறார் என்றுதான் நானும் ஐயாவும் நினைத்தோம்.

திங்கட்கிழமை பெரட்டில் உத்தரவு வந்தது. முழுப் பேருக்கு இனிமேல் இரண்டு றாத்தல் கூட எடுக்கவேண்டும். காரணத்தைக் கண்டாக்கையா ஒளிக்கவில்லை. வேலை முடிந்து கூடையைக் கட்டிக்கொண்டு ஓட உடம்பில் தெம்பு இருக்கிறதென்றால், அந்தத் தெம்பைக் கொழுந்தில் காட்டலாம் என்று துரை சொல்லிவிட்டாராம்.

நான் புதன்கிழமை போனபோது நாற்று மேடையில் ஒரு ஈ காக்கை இல்லை. பீலிப் பக்கம் போனால் சண்டை. விளையாட்டுப் பக்கமே வராத பெண்கள், வயசானவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், அவர்களுக்கும் சேர்த்துத்தானே இரண்டு றாத்தல்? கூடையைக் கட்டிக்கொண்டு ஆடினவளுகளால் வந்த வினை என்று ராக்கம்மாவின் முகத்துக்கு நேரே மண்ணை வாரி இறைத்தாள் ஒரு கிழவி. மூன்று நாளாக அரைப் பேர்தான் அந்தக் கிழவிக்கு, இரண்டு றாத்தல் எட்டவில்லை. ராக்கம்மா குடத்தை நிரப்பித் தானே இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

கனகசபை ஐயாவிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. அப்படி ஒரு மனுஷன் நினைப்பானோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனார், நானும் கூடப்போனேன். உள்ளே வரச் சொல்லவில்லை. வராந்தாவில் நின்றபடியேதான் பேச்சு. ஐயா நல்ல இங்கிலீஷ் பேசுவார், அன்றைக்கு அது தட்டுத் தடுமாறியது. களைப்பில் ஓடுவது வேறு, சந்தோஷத்தில் ஓடுவது வேறு, ஒன்றை எடுத்து மற்றதில் போட முடியாது என்று எப்படியெப்படியோ சொன்னார். துரை பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டார். கடைசியில் ஒரே வார்த்தையில் முடித்தார். விளையாட்டை நிறுத்தினால் பழைய றாத்தலே போதும், விளையாடினால் புது றாத்தல். அவர்களே முடிவு செய்யட்டும்.

படி இறங்கி வரும்போது ஐயா, "பிள்ளை, நான் அவையளைப் பெருமைப்படுத்தத்தான் கூப்பிட்டனான்" என்றார். எனக்குத் தெரியும் ஐயா என்றேன். அவருக்கு ஆறுதல் சொல்கிற தெம்புகூட எனக்கு அன்றைக்கு இல்லை.

கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் பெண்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கிறபோது எல்லாத் தலையும் ராக்கம்மா பக்கம் திரும்பியது. மூலையில் முத்துசாமியும் நின்றான். விட்டுக்கொடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. ஆனால் நான் சம்பளக்காரி, என் தலையில் எந்தக் கயிறும் இல்லை, அந்தக் கிழவியின் அரைப் பேரை நானா தரப்போகிறேன்?

ராக்கம்மா அதிகம் யோசிக்கவில்லை. "பந்த எடுத்துட்டுப் போயிடுங்க டீச்சர். நான் ஒருத்தி சிரிக்கிறதுக்கு இந்தப் பொம்பளைங்க எல்லாம் அழக்கூடாது" என்றாள். கிழவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். நான் பந்தை எடுத்துப் பைக்குள் போட்டேன். துரை வாக்கு மாறவில்லை, அடுத்த பெரட்டிலிருந்து பழைய றாத்தல்.

அதற்குப் பிறகு எத்தனையோ தோட்டம் போனேன். கோலாட்டம், கயிறிழுப்பு, குடும்ப விளையாட்டு விழா, எல்லாம் நடத்தினேன். நடத்தத்தானே சம்பளம். துரைமார் வரும் நாளில் பெண்களை மெதுவாக ஆடச் சொல்வேன், அசதியாக இருப்பதுபோல நடக்கச் சொல்வேன். இதுவும் ஒரு பயிற்சி, கண்டியில் சொல்லித் தராதது. ஐயா அந்த வருஷத்தோடு மாற்றல் கேட்டு யாழ்ப்பாணம் போய்விட்டார். போகும்போது என் கையைப் பிடித்துவிட்டு ரயில் ஏறினார்.

அந்த மேல் டிவிசனுக்குப் போகவே எனக்கு மனசில்லை. ஆனால் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளை நிறுக்கிற வேலை ஒன்று வந்து, சில மாதம் கழித்துப் போகவேண்டியதாயிற்று. வேலை முடியச் சாயங்காலம். பஸ்ஸுக்கு இறங்குகிற பாதை லயத்தை ஒட்டித்தான். தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடலாம் என்று நடந்தேன். எதிரே முத்துசாமி தோளில் கம்பும் இரண்டு பக்கம் தண்ணீர்த் தகரமுமாக ஏறி வந்தான். வணக்கம் சொல்லிவிட்டு, தண்ணீர் சிந்தாமல் பக்கவாட்டாக ஒதுங்கிப் போனான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஆட்கள், அதே போலத் தகரத்தோடு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. விளையாட்டுதான் இல்லையே, இவர்கள் ஏன் சுமக்கிறார்கள்?

ராக்கம்மா லயத்து வாசல் படியில் இருந்தாள். இரண்டு காலையும் நீட்டிக் கணுக்காலைக் கணுக்கால் மேல் போட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அரிசி புடைக்கவில்லை, பேன் பார்க்கவில்லை, கீரை ஆயவில்லை. பிள்ளைகூட மடியில் இல்லை. எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். தள்ளி அடுத்த படியில் இன்னொருத்தி, அதற்கடுத்ததில் அந்தக் கிழவி, அவளும் காலை நீட்டித்தான்.

உடம்பு சரியில்லையா ராக்கம்மா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கேன் டீச்சர். இன்னிக்குப் புதங்கெழமதானே. வெளையாட்டத்தானே நிப்பாட்டச் சொன்னாரு, நேரத்த நிப்பாட்டச் சொல்லலியே" என்றாள்.

துரை இந்தப் பக்கம் வந்து பார்த்தால் என்றேன்.

"பாக்கட்டுங்க. மேலுக்கு முடியாம உக்காந்திருக்காளுகன்னு நெனச்சுக்கிட்டுப் போவாரு. அதுக்கு றாத்தல் கூட்ட மாட்டாருல்ல."

சிரிக்கிறாளோ என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. நாற்று மேடையில் கண்ட சிரிப்பு போனது போனதுதான். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து படியில் எனக்கும் இடம் விட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் உட்கார்ந்தேன். முழங்காலை நீட்டினேன், அப்பாடா என்று வந்தது. உள்ளே தகரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து முத்துசாமி தலையை நீட்டி, உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

"தேடு" என்றாள் ராக்கம்மா. எழும்பவில்லை.